போகக் காலை வண்டி, வர ராத்திரி வண்டி

முப்பது வருஷமாக ஊராரின் சட்டைப் பைகளைத் துழாவிவிட்டே தண்ணீரில் போடுகிற லாண்டரியில், லாண்டரிக்காரரின் சொந்தச் சட்டைப் பை மட்டும் தப்பிவிட்டது. அதற்குள் இருந்த பட்டணத்து ரயில் டிக்கெட், சலவைச் சோடாவும் வெந்நீருமாக நுரைத்த தொட்டியில் முக்கால் மணி நேரம் ஊறி, வெந்து, கூழாகி, மேலுலகம் போய்ச் சேர்ந்தது.

குற்றம் அவருடையதுதான். பட்டணத்து ஆற்றுப் பாலம் எவ்வளவு நீளம் என்று பக்கத்துக் கடைத் தையற்காரருக்குக் கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பாலத்தை அவர் பார்த்ததில்லை. பார்க்காத பாலம் என்பதால் சொல்லச் சொல்ல நீண்டுகொண்டே போயிற்று. மூன்றாவது தடவை விரித்த கை அலமாரியில் இருந்த சொட்டு நீலப் புட்டியைத் தட்ட, புட்டி கவிழ்ந்து, கழுத்திலிருந்து இடுப்பு வரை அவரே ஓர் ஆறாகிப் போனார். நீலம் உலர்ந்துவிட்டால் போகாது. சட்டையைக் கழற்றிப் பிரிக்காத துணிக் குவியலில் வீசிவிட்டு, பனியனோடு திரும்பி, பாலத்தை எங்கே விட்டோம் என்று தையற்காரரிடம் கேட்டார்.

சங்கதியைக் காட்டிக்கொடுத்தது வக்கீலின் கறுப்புக் கோட்டு. அலசிப் பிழிந்து உதறினால், கோட்டு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொடி. வக்கீல் கோட்டுக்குப் பொடுகு வந்துவிட்டது என்று லாண்டரிக்காரர் சிரித்தார். சிரித்த வாய் மூடுவதற்குள் கை மார்புக்குப் போனது. மார்பில் பையும் இல்லை, சட்டையும் இல்லை. தொட்டியைக் கலக்கித் தேடியதில் நகத்தளவு ஒரு துண்டு கிடைத்தது. அதில் நாற்பத்து மூன்று என்று ஓர் எண் மட்டும் பிழைத்திருந்தது. ஜன்னலோர இருக்கை. மனைவிக்கென்று கேட்டு வாங்கியது.

அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போய் மனைவியிடம் காட்டினார். துணி பிரிக்கும் மேஜையில் இருந்தவள் அதைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு வானத்தைப் பார்த்தாள்.

"சரி, கோட்டை இன்னொரு தடவை அலசிப் போடுங்க. தூறல் வர்றதுக்குள்ள காயணும்" என்றாள்.

அவ்வளவுதான். ஒரு திட்டு உண்டா, ஒரு பெருமூச்சு உண்டா. திட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

ஊரில் அவருக்கு நாளைக்காரர் என்று பெயர். எப்போது வந்து கேட்டாலும் துணி நாளைக்குத்தான் கிடைக்கும் என்பதால் வந்த பெயர். நாளைக்கு என்றால் நிஜமாகவே நாளைக்குக் கொடுத்துவிடுகிறவர்தான். ஆனாலும் பெயர் பெயர்தான். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அந்தப் பெயருக்கு அவர் முழுத் தகுதி உள்ளவர். கல்யாணமான புதிதில் மனைவியிடம் நாளைக்குப் பட்டணம் போகலாம் என்றார். அந்த நாளைக்கு இருபத்தெட்டு வயசாகிவிட்டது.

பட்டணம் ஒன்றும் கண்காணாத தூரத்தில் இல்லை. ரயிலில் நாலு மணி நேரம். தண்டவாளம் லாண்டரியின் பின்சுவரை ஒட்டித்தான் போகிறது. ஒரு நாளைக்கு ஆறு வண்டி போகும், ஆறு வண்டி வரும். வண்டி போகும்போது கொடியில் காயும் விரிப்புகள் எல்லாம் அது போகிற பக்கமாக ஒரு தடவை எழுந்து பார்த்துவிட்டுத் தொங்கும். நாளைக்காரரும் அப்படித்தான் பார்ப்பார்.

விரிப்புகள் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிற லாட்ஜைச் சேர்ந்தவை. லாண்டரிக்குச் சோறு போடுவதே லாட்ஜ்தான். ஒரு வண்டி விட்டு இன்னொரு வண்டி பிடிக்கிறவர்கள் அங்கே ஒரு ராத்திரி தங்குவார்கள். காலையில் எழுந்து, படுக்கையைப் படுத்தபடியே போட்டுவிட்டுப் பட்டணத்துக்கு வண்டி ஏறுவார்கள். அவர்கள் கசக்கிவிட்டுப் போன அறுபது விரிப்பும் அறுபது உறையும் பத்து மணிக்கு மூட்டையாக வந்து இறங்கும். அவித்து, அலசி, காயப்போட்டு, இஸ்திரி போட்டு, மடித்து மறுநாள் திருப்பி அனுப்ப வேண்டும். அன்றைக்கு வேறு அறுபது பேர் அதைக் கசக்கிவிட்டுப் பட்டணம் போவார்கள். உலகமே தங்கள் விரிப்பில் படுத்து எழுந்து பட்டணம் போய்க்கொண்டிருக்க, தாங்கள் மட்டும் விரிப்பு மடித்துக்கொண்டிருப்பதாக நாளைக்காரர் அடிக்கடி சொல்வார். வேடிக்கையாகத்தான் சொல்வார். மனைவி சிரிக்க மாட்டாள்.

அவளுடைய வேலை துணி பிரிப்பது. வெள்ளை ஒரு பக்கம், சாயம் போவது ஒரு பக்கம், கறை உள்ளது ஒரு பக்கம். பிரிக்கும்போதே அவள் கை ஒவ்வொரு பையிலும் போய்விட்டு வரும். கண் வேறெங்கோ இருக்கும். கை அதுபாட்டுக்குப் போய் வரும். அந்தக் கைக்கு ஊசி அகப்பட்டிருக்கிறது, ஒற்றைத் தோடு அகப்பட்டிருக்கிறது, யாரோ ஒரு குழந்தையின் பால்பல் அகப்பட்டிருக்கிறது. எல்லாம் அந்தந்த வீட்டுக்காரரின் அடையாளக் குறி எழுதிய பொட்டலத்தில் போய், துணியோடு திரும்பும்.

இந்த வருஷம் மழைக்கு முன்னால் லாட்ஜில் ஒரு வாரம் வெள்ளையடிக்கிறார்கள் என்று சேதி வந்தது. விரிப்பு வராது. நாளைக்காரர் அன்று மாலையே ஒரு நோட்டு வாங்கிவிட்டார்.

பட்டணத்தைச் சும்மா பார்க்கப் போகிறோம் என்றதை ஊரில் யாரும் நம்பவில்லை. அந்த ஊரிலிருந்து பட்டணத்துக்குப் போகிறவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், கோர்ட்டுக்குப் போவார்கள். சும்மா போனவர் யாரும் இல்லை. மருந்துக்கடைக்காரர் தனியாகக் கூப்பிட்டு, யாருக்கு உடம்பு சரியில்லை, தன்னிடம்கூடச் சொல்லக் கூடாதா என்று குறைபட்டார். கட்டிடம் பார்க்கப் போகிறோம் என்று நாளைக்காரர் சொன்னதற்கு, மனசைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஆனால் யோசனை சொல்ல மட்டும் எல்லோரும் வந்தார்கள். வாத்தியார் அருங்காட்சியகத்தைச் சொன்னார். தையற்காரர் துணிக்கடைத் தெருவைச் சொன்னார். வக்கீல், நாற்பது மாடிக் கட்டிடத்தில் லிஃப்டில் ஏறினால் உச்சியில் காது அடைக்கும் என்றும், அதைத் தவறவிடக் கூடாது என்றும் சொன்னார். நாளைக்காரர் ஒன்று விடாமல் எழுதினார். பாலம், படகு, மிருகக்காட்சி சாலை, கடற்கரை, காது அடைப்பது என்று பதினாலு இடம் சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிஷம் என்று கணக்குப் போட்டதில் யானைக்கு ஏழு நிமிஷமும் கடலுக்கு முப்பத்தைந்து நிமிஷமும் வந்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நோட்டை வைத்துக்கொண்டு மனைவிக்குப் படித்துக் காட்டுவார். அவள் கேட்டுக்கொண்டே விரிப்பை உதறிப் போடுவாள். அவர்கள் வீட்டு விரிப்பு லாட்ஜில் கிழிந்துவிட்டது என்று கழித்ததுதான். கிழிசலுக்கு ஒட்டுப் போட்டிருந்தாலும் மூலையில் அறை எண் அப்படியே இருக்கும். இருபத்தெட்டு வருஷமாக லாட்ஜில்தான் படுக்கிறோம் என்று அதற்கும் அவரிடம் ஒரு வேடிக்கை உண்டு.

அந்தத் திட்டம் பூராவுக்கும் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். பதினாலாவது இடத்தைப் படித்து முடித்த அன்றைக்குக் கேட்டாள்.

"எங்க தங்கறது?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல நாளைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தங்கவே வேண்டாம். அதுலதான் இருக்கு சூட்சுமம். போகக் காலை வண்டி, வர ராத்திரி வண்டி. விடிஞ்சா நம்ம வீட்டுல நம்ம படுக்கையில இருக்கலாம். எப்படி?"

அவள் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள்.

டிக்கெட் வெந்த மறுநாள், புதன்கிழமை, அவர் ஸ்டேஷனுக்குப் போனார். கவுண்ட்டரில் இருந்தவர் சாவகாசமாகக் கேட்டார்.

"தொலைஞ்சதா, கிழிஞ்சதா?"

"வெந்ததுங்க."

"தொலைஞ்சதுக்கு ரூல் இருக்கு, கிழிஞ்சதுக்கு ரூல் இருக்கு. வெந்ததுக்கு இல்ல."

நாளைக்காரர் நாற்பத்து மூன்றாம் எண் துண்டை எடுத்துக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வைத்தார். அந்தப் பக்கத்தில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, இது செருப்பு அளவாகக்கூட இருக்கலாமே என்றார். அவர் டிக்கெட் வாங்கியிருந்த சனிக்கிழமை வண்டி நிரம்பிவிட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு இடம் இருக்கிறது, வேண்டுமா என்றும் கேட்டார். பழக்க தோஷம், நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டார்.

சாயங்காலம் மச்சினன் வந்தான். லாட்ஜ் மூட்டைகளை வண்டியில் ஏற்றி இறக்குகிறவன் அவன்தான். அக்காள் உள்ளே தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததை எல்லாம் கேட்டுச் சிரித்து முடித்துவிட்டு, மூட்டையின் மேல் உட்கார்ந்தபடி யோசித்தான்.

"மாமா, சட்டையை நீங்களே தொட்டியில போட்டீங்களா?"

"இல்லடா. குவியல்ல வீசினேன்."

"குவியல்னா அக்கா கையைத் தாண்டித்தானே போகும்?"

"போகும்."

"அக்கா கைக்கு ஊசி தப்பாதே மாமா. அவ்வளவு பெரிய காகிதம் எப்படித் தப்பிச்சுது?"

அவன் பாட்டுக்குக் கேட்டுவிட்டுத் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். நாளைக்காரர் குடிக்காத டம்ளரைக் கீழே வைத்தார்.

ஒன்று, அவள் கைக்குத் தெரியவில்லை. சோடாவிலும் சுடுநீரிலும் இருபத்தெட்டு வருஷம் ஊறிய கை. உணர்ச்சி மரத்துப் போயிருந்தால்? மருந்துக்கடைக்காரர் வாயில் சனி இருந்து, அது பலித்துவிட்டால்? இரண்டு, அவள் கைக்குத் தெரிந்திருக்கிறது. இந்த இரண்டாவதை அவரால் ஒரு நிமிஷத்துக்கு மேல் நினைக்க முடியவில்லை. மறுபடி முதலாவதற்கே வந்தார். மனைவிக்கு நோய் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிற புருஷனாகத் தான் ஆகிவிட்டதை நினைக்க அவருக்கே கூச்சமாக இருந்தது.

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கிற ஆள் இல்லை அவர். வியாழக்கிழமை காலையில், அவள் அடுப்புப் பக்கம் போன சமயம், வாத்தியார் சட்டைப் பையில் ஒரு பித்தானைப் போட்டு வைத்தார். பத்து நிமிஷத்தில் பித்தான் மேஜை மேல் இருந்தது. அடுத்து ஒரு தீக்குச்சி. அதுவும் வந்தது. பிறகு ஒரு மிளகு. மிளகும் வந்து பித்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. மதியத்துக்கு மேல் அவருக்கே வெறி பிடித்துவிட்டது. தையற்காரரிடம் போய் இரண்டு அங்குலத்துக்கு நூல் வாங்கி வந்து, வக்கீல் கால்சட்டையின் பின்பைக்குள், அதுவும் தையலோரமாக, திணித்து வைத்தார். பின்கட்டுக்குப் போய் அரை மணி நேரம் விறகு பிளந்தார்.

திரும்பி வந்தபோது அவருடைய தேநீர் டம்ளர் ஆறிப்போய் இருந்தது. டம்ளர் மூடியின் மேல் பித்தான், தீக்குச்சி, மிளகு, நூல் என்று எல்லாம் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அவள் தலை நிமிராமல் துணி பிரித்துக்கொண்டிருந்தாள்.

கை நன்றாகத்தான் இருந்தது. அவ்வளவு நன்றாக இருக்க வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது.

அன்று ராத்திரி நோட்டை எடுத்தார். படித்துக் காட்டவில்லை. யானைக்கு ஏழு நிமிஷம் என்று எழுதியிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருஷமும் தான் மட்டும்தான் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோமா? கூட நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டு ஒருத்தன் திரும்பிப் பார்க்காமலே இவ்வளவு தூரம் பேசிக்கொண்டு நடந்துவிட்டானா? பக்கத்தில் அவள் விரிப்பின் ஒட்டுத் துணியை விரலால் நீவி நீவிச் சமன் செய்துகொண்டிருந்தாள். அவர் பார்க்கிறார் என்று தெரிந்ததும் கையை எடுத்துக்கொண்டாள். இவள் வீட்டை விட்டு வெளியே படுத்ததே ஒரு தடவைதான் என்று அவருக்கு நினைவு வந்தது. மகளின் பிரசவத்துக்குப் போய் இருபது நாள் இருந்தாள். தங்கினாள் என்று சொல்ல முடியாது, துவைத்தாள்.

வெள்ளிக்கிழமை தூறல் விட்டு வெயில் வந்தது. மூன்று நாளாகக் காயாமல் கிடந்த விரிப்பெல்லாம் ஒரே மதியத்தில் காய்ந்து மொடமொடத்தது. லாட்ஜின் கடைசி மூட்டை அதுதான். நாளை முதல் வெள்ளையடிப்பு. மச்சினன் நாலு மணிக்கு வண்டியோடு வருவான்.

விரிப்பு மடிப்பது இரண்டு பேர் வேலை. அவர் இரண்டு மூலையைப் பிடிக்க வேண்டும், அவள் இரண்டு மூலையைப் பிடிக்க வேண்டும். இழுத்து ஓர் உதறு. நீளவாக்கில் ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. பிறகு இருவரும் நடந்து வந்து எதிரெதிரே நிற்பார்கள். அவர் கையில் இருக்கிற மூலைகளை அவள் வாங்கிக்கொள்வாள். அவர் குனிந்து தொங்குகிற மடிப்பைப் பிடித்துப் பின்னால் போவார். ஒரு நாளைக்கு அறுபது தடவை இப்படி வந்து எதிரே நின்றும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க அதில் நேரம் கிடையாது.

பதினேழு விரிப்பு வரைக்கும் அவர் வாயைத் திறக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை அது ஒரு சாதனை. பதினெட்டாவதை இழுத்து உதறியபோது, பின்சுவருக்கு அப்பால் மூன்று மணி வண்டி போயிற்று. கொடியில் மிச்சம் இருந்த விரிப்புகள் அந்தப் பக்கமாக எழுந்து பார்த்தன. நாளைக்காரர் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். விரிப்பின் இரண்டு மூலையையும் பிடித்தபடி, கழுத்தைத் திருப்பி, கடைசிப் பெட்டி மறையும் வரை பார்த்தாள்.

அதைப் பார்த்ததும்தான் அவருக்குத் தைரியம் வந்தது.

"ஏம்மா, ஒண்ணு கேக்கறேன்."

"கேளுங்க."

"என் சட்டைப் பையில கை விட்டியா இல்லையா?"

"விட்டேன்."

விரிப்பு நடுவில் தொய்ந்தது. அவர்தான் பிடியைத் தளர விட்டிருந்தார். அவள் தன் பக்கத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"விட்டேன். தட்டுச்சு. எடுத்துப் பாத்தேன். போகக் காலை வண்டி, வர ராத்திரி வண்டி. மறுபடி உள்ள வெச்சுட்டேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான். அதுக்காக வக்கீல் கோட்டையும் அதுகூடப் போட்டிருக்க வேண்டாம். அது மட்டும் தப்புதான்."

நாளைக்காரருக்கு எப்போதும் கைவசம் ஒரு வேடிக்கை இருக்கும். இப்போது தேடினார், பை காலி. "உனக்கு வர இஷ்டம் இல்லேன்னா சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். குரல் அவருடையது போல இல்லை. "நான் பாட்டுக்கு யானை, பாலம்னு..."

"இஷ்டம் இல்லேன்னு யாரு சொன்னா?"

"பின்ன?"

அவள் நடந்து வந்தாள். அவரும் நடக்க வேண்டியிருந்தது. எதிரெதிரே வந்து நின்றார்கள். அவர் கையில் இருந்த மூலைகளை வாங்க வேண்டியவள் வாங்காமல், தன் கையில் இருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெயிலில் காய்ந்த துணியின் வாசனை இருவருக்கும் நடுவில் இருந்தது. மூலையில் லாட்ஜின் அறை எண் தெரிந்தது.

"எங்க தங்கறதுன்னு ஒரு தடவை கேட்டேன்" என்றாள். "தங்கவே வேண்டாம்னீங்க. அதுல சூட்சுமம் வேற இருக்குன்னீங்க."

"ஆமா. வீண் செலவு இல்லையே, விடிஞ்சா நம்ம வீட்டுல..."

"எனக்கு நம்ம வீட்டுல விடிய வேண்டாம்."

அறை எண்ணை அவள் கட்டைவிரலால் நீவினாள்.

"ஒரே ஒரு நாள் அங்க விடியணும். நீங்க அந்த நாற்பது மாடி ஏறுங்க, கடல் பாருங்க, நானும் கூட வரேன், வேண்டாங்கலை. ஆனா ராத்திரி ஒரு ரூம் எடுக்கணும். சின்ன ரூம் போதும். வெள்ளை விரிப்பு இருக்கணும், வேற யாரோ துவைச்சது. யாரு துவைச்சான்னு எனக்குத் தெரியக் கூடாது. மடிப்புக் கலையாம இருக்கணும். அதுல நான் படுக்கணும். காலையில எழுந்து, உதறாம, மடிக்காம, படுத்த மாதிரியே கசக்கிப் போட்டுட்டு, கதவைச் சாத்திட்டு வந்துடணும். எனக்குப் பட்டணம்னா அதுதாங்க. இருபத்தெட்டு வருஷமா அதுதான்."

சொல்லி முடித்துவிட்டு, எப்போதும் போல அவர் கையிலிருந்த மூலைகளை வாங்கித் தன் மூலைகளோடு சேர்த்தாள். அவர் குனிந்து மடிப்பைப் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு இடம் இருக்கிறது என்று கவுண்ட்டர்காரர் சொன்னது, தான் நாளைக்கு என்று சொல்லிவிட்டு வந்தது, ஸ்டேஷன் கவுண்ட்டர் ஆறு மணிக்குத்தான் மூடும் என்பது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. பனியனுக்கு மேல் போட ஒரு சட்டை வேண்டும். கொடியில் நீலக் கறை போகாத அந்தச் சட்டை தொங்கியது. அதை எடுத்து மாட்டிக்கொண்டார்.

வாசல் வரை போனவர், தொழில் புத்தி போகாமல், திரும்பி வந்து கேட்டார்.

"சரி, அங்க காலையில நீ வாய் வெச்ச காப்பியைக் கொட்டிட்டா? விரிப்புல கறை பட்டுட்டா?"

அவள் விரிப்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துத் தனியாகவே மடித்து முடித்து, மற்றதன் மேல் வைத்தாள்.

"பட்டா படட்டும்" என்றாள். "அது துவைக்கிறவங்க பாடு."